மகன் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொன்ன அத்தைக்கு

அத்தை,

இன்று காலை வேலைக்குப் போகத் தியாகதுருகத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். பேச்சோடு வாசனையும் வந்தது. ரம் வாசனை. கடையில் விற்கும் சரக்கின் நெடி வேறு, மிலிட்டரி கேண்டீனிலிருந்து வரும் சரக்கின் நெடி வேறு. ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத எனக்கு இந்த வித்தியாசம் தெரிவது உங்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டதால்தான். "மச்சான் பையன் லீவுல வந்துக்கிறான். நேத்து நம்ம வூட்லதான் எல்லாம்" என்று அவர் பெருமை அடித்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி வரும்வரை எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதர் எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை, பாவம்.

கடைக்குப் போய்ப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்கள் ஒன்றும் பிடிக்காமல் எழுந்து போனார்கள். என் முகத்தைப் பார்த்துப் போயிருப்பார்கள் என்று முதலாளி சொன்னார். இருக்கும். மனசு முழுக்க நீங்கள் கோர்ட்டில் நின்ற அந்தப் பகல்தான்.

உங்கள் மகனை இந்த மடலிலும் 'அவர்' என்றுதான் எழுதப் போகிறேன். அது பழகிய கையின் வேலை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள்.

வடக்கனந்தலில் உங்கள் தெருவில் போய்க் கதவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "மிலிட்டரிக்காரன் வூடு" என்றால் சின்னப் பிள்ளை கூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். ஊரார் மரவள்ளிக் காட்டில் நீங்கள் கூலிக்குக் களை வெட்டி வளர்த்த ஒரே பிள்ளை பட்டாளத்துக்குப் போனார் என்பதில் உங்களுக்குத் தலை கால் புரியாத பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு கிடைக்கும் என்றுதான் எங்கள் வீட்டில் என்னைக் கொடுத்தார்கள். ஒரு லீவில் பெண் பார்த்தார், அடுத்த லீவில் தாலி கட்டினார், அந்த லீவு முடியும் முன்பே டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். நானும் நீங்களும் மிச்சமானோம்.

குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ளப் பட்டாளத்தில் குவார்ட்டர்ஸ் கிடைக்க வேண்டும். சில இடங்களுக்குப் பெண்டு பிள்ளைகளை விடவே மாட்டார்கள். இது நிஜம்தான். ஆனால் அவரோடு ஒரே நாளில் சேர்ந்த அடுத்த தெருக்காரர் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு குழந்தையும் பெற்று, இந்தியும் பேசிக்கொண்டு வந்து இறங்கினார். நீங்களே போனில் கேட்டீர்கள்: "இவள எப்படா கூட்டிக்கினு போவ?" அடுத்த போஸ்டிங்கில் என்றார். ஒவ்வொரு போஸ்டிங்கிலும் அடுத்த போஸ்டிங்தான்.

நமக்குள் ஒன்றும் தேனும் பாலும் ஓடவில்லை, அத்தை. செத்துப் போனவர் என்பதற்காக உங்களைத் தெய்வமாக்க எனக்கு வராது. குழம்பில் உப்பு கம்மி என்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வீர்கள். மீன் வாங்கினால் நடுத்துண்டு உங்களுக்குத்தான். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், "பட்டினி கெடந்தா கொழுப்பு கொறயும், கெட" என்பீர்கள். ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் நான் வேலைக்குப் போகாமல் இருந்தேன், எனக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் காட்டுக்குப் போகவில்லை. கட்டியவர் இல்லாத வீட்டில் இப்படித்தான் நான் குடும்பம் நடத்தினேன். இதைத்தான் பிறகு ஒரு வக்கீல் 'கைவிட்டுச் சென்றார்' என்று எழுதினார்.

அது நடந்த விதத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. என் அண்ணன் தியாகதுருகத்தில் வீடு கட்டிக் குடி போனபோது உங்கள் மகன் லீவில் இருந்தார். அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். "நீ போயிட்டு இரு. நான் வந்து கூட்டிக்கினு வரேன்" என்றார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்வீட்டுக்குப் போன பெண்ணைப் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப் போக வேண்டும். தானாகத் திரும்பிப் போனால் அவளுக்கும் மதிப்பில்லை, பிறந்த வீட்டுக்கும் மதிப்பில்லை. நான் அந்த வழக்கத்தை நம்பிக் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. கோர்ட் நோட்டீஸ் வந்தது. மனுதாரர் நாட்டுக்காக உழைக்கும் இடத்துக்குப் பலமுறை அழைத்தும் வர மறுத்து, எதிர்மனுதாரர் தன்னிச்சையாக அவரைக் கைவிட்டுச் சென்றுவிட்டாராம். பெட்டியோடு போனவர் அவர். பாயோடு கிடந்தவள் நான். விட்டுப் போனவள் நானாம்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் முதலில் ஓடி வந்தேன். நீங்கள் கதவை முழுக்கத் திறக்கக்கூட இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. அவன் வந்து சொல்லட்டும்" என்றீர்கள். அன்று உங்கள் மேலும் எனக்குக் கொள்ளைக் கோபம்.

ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தேன். அவர் பட்டாளத்து விஷயங்களை எனக்குப் புரியும்படி சொன்னார். பட்டாளத்தில் இருப்பவர் ஒரு பெண்டாட்டி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் வேலைக்கே ஆபத்து. அதனால் அடுத்த கல்யாணம் வேண்டுமென்றால் முதலில் கோர்ட்டுத் தீர்ப்பைக் கையில் வாங்கியாக வேண்டும். புருஷன் பணம் அனுப்பவில்லை என்று பெண்டாட்டி அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கு எழுதினால், விசாரித்துச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து அவளுக்கு அனுப்ப அங்கே வழி இருக்கிறது. நான் எழுதினேன். ஆபீசர் விசாரித்தார். உங்கள் மகன் சொன்ன பதில்: அவளாகத்தான் விட்டுப் போனாள், வழக்கு நடக்கிறது. ஆக, எங்கே போனாலும் அதே கேள்வியில் வந்து முட்டியது. யார் யாரை விட்டுப் போனது? கோர்ட் என்னை 'விட்டுப் போனவள்' என்று எழுதிவிட்டால் எனக்குச் சோறும் இல்லை, பேரும் இல்லை. சோற்றுக்கு எனக்குக் கை இருந்தது. பேரை விட முடியவில்லை.

அவர் திரும்ப வந்து என்னோடு வாழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அத்தை. அந்த ஆசை நோட்டீஸைப் பார்த்த அன்றே போய்விட்டது. நான் விட்டுப் போகவில்லை என்று யாராவது ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியவில்லை. எல்லையில் நிற்கிறவர் கோர்ட்டுக்கு வர முடியாமல் போனால் அதற்காக அவர் வழக்கில் தோற்றுவிடக் கூடாது என்று வாய்தா கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நல்ல சட்டம். பனியில் நிற்கிற ஒருவருக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? எல்லையில் நிற்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவர்கள் படுகிற பாட்டைத் தன் வசதிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டாரே, அந்த ஒருவர் மேல்தான் ஆத்திரம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய வக்கீல் எழுந்து, பார்டரில் இருக்கிறார், லீவு இல்லை என்பார். நான் கடையில் லீவு சொல்லி, சம்பளத்தில் பிடித்தம் வாங்கி, வந்து நின்றுவிட்டுத் திரும்புவேன். இழுத்தால் நானே களைத்துப் போய், ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன் என்பது அவர்கள் கணக்கு. பாதி களைத்தும்தான் போயிருந்தேன்.

அன்றைய வாய்தாவில் கோர்ட் வளாகத்துப் புங்கமரத்தடியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் எடுத்துக் கொடுத்த நல்ல புடவை. பக்கத்தில் அவருடைய வக்கீல். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் விட்டுப் போனேன் என்று சாட்சி சொல்ல உங்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று என் வக்கீல் அம்மா சொன்னார். பெற்ற மனம் பித்து. உங்களுக்குச் சோறு போடுவது அவர், ஆஸ்பத்திரி கார்டில் உங்கள் பேர் இருப்பது அவரால். என் பக்கம் பேச உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அவருடைய வக்கீல் எழுந்து வழக்கம்போல, பார்டர், லீவு இல்லை, தாயார் வந்திருக்கிறார், அவர் சாட்சியை மட்டும் இன்று பதிவு செய்துகொள்ளலாம் என்றார். நீதிபதி அடுத்த தேதி குறிப்பதற்காக உங்களைப் பார்த்து, "ஏம்மா, உங்க பையன் எப்ப லீவுல வருவாரு?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"வந்துட்டானே ஐயா" என்றீர்கள்.

"யாரு வந்துட்டாரு?"

"எம் புள்ளதாங்க. வந்து ரெண்டு மூணு நாளாவுது. இப்ப வூட்லதான் தூங்கிக்கினு இருக்கிறான். கறிக்கொழம்பு வெச்சி மூடிட்டு வந்தேன்."

வக்கீல் பதறி, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குழம்பிவிட்டார் என்றார். நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"எனக்கு இன்னா கொழப்பம்? நீதான பார்டர்ல இருக்கிறான்னு சொல்லுன்னு வர்ற வழியெல்லாம் சொல்லிக்கினு வந்த? நேத்து சாய்ந்தரம் முனியப்பனுக்கு மிலிட்டரி சாராயம் ஊத்தி, தெரு ஆம்பளைங்களுக்கும் ஊத்திட்டுதான் வந்து படுத்தான். சாமிக்கு ஊத்தினத நான் இல்லன்னு எப்பிடிங்க ஐயா சொல்றது?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நம் தெருவுக்குத்தான் அந்தப் பேச்சின் கனம் தெரியும். பட்டாளத்திலிருந்து லீவில் வருகிறவர் கேண்டீன் பாட்டிலைத் திறந்தால் முதல் மூடி முனியப்பனுக்கு. அதற்குப் பிறகுதான் பெரியப்பா, சித்தப்பா, மச்சான் என்று வரிசை. வந்தேன், உயிரோடு வந்து சேர்ந்தேன் என்று சாமிக்குச் சொல்கிற சேதி அது. அந்தச் சேதியைச் சொல்லிவிட்டு, வரவே இல்லை என்று கோர்ட்டில் சொல்லச் சொன்னார் உங்கள் மகன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தார். பரிமாற அனுப்பியது உங்களை.

பிறகு முறைப்படி உங்களைக் கூண்டில் ஏற்றினார்கள். மருமகள் தானாக வீட்டைவிட்டுப் போனாளா என்று கேட்டார்கள்.

"அவ எங்க போனா? அவன்தான் பஸ் ஏத்தி வுட்டான். கூட்டிக்கினு வரேன்னான், போவல. வுட்டுட்டுப் போனது அவன்தாங்க" என்றீர்கள். கொஞ்சம் நிறுத்தி, "இன்னா பண்றது, எம் புள்ளதான்" என்றீர்கள்.

அந்தக் கடைசி வார்த்தை எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

நீதிபதி உத்தரவு போட, மறுநாளே அவர் வந்து நிற்க வேண்டியதாயிற்று. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். குவார்ட்டர்ஸ் கேட்டு ஒருமுறையாவது விண்ணப்பித்தீர்களா என்று என் வக்கீல் அம்மா கேட்டார். ஞாபகம் இல்லை என்றார். அவர் போட்ட மனு தள்ளுபடி ஆனது. விட்டுப் போனது அவர் என்று நான் மனு போட்டேன். அந்தக் காரணத்தின் பேரிலேயே எனக்கு விவாகரத்தும் ஜீவனாம்சமும் கிடைத்தன. தீர்ப்பு அவருடைய யூனிட்டுக்குப் போனதும் என் பேரை எடுத்துவிட்டார்கள். கேண்டீன் கார்டு, ஆஸ்பத்திரி கார்டு, நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் வரும் பென்ஷன், எதிலும் நான் இல்லை. சட்டப்படி சரிதான். ஆனால் தெருவில் ஒருத்தி என்னை நிறுத்தி, "அப்ப இனிமே கேண்டீன் சோப்பு வராதாடி?" என்று கேட்டாளே, அவளை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

நீங்கள் சாட்சி சொன்ன அன்று பஸ் ஸ்டாண்டில் உங்கள் பின்னாலேயே வந்தேன். கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டீர்கள்.

"உனக்காவ சொன்னேன்னு நெனச்சிக்கினு இருக்காத. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. டீ வாங்கிக் குடு, தல வலிக்குது" என்றீர்கள்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே வடக்கனந்தல் பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். வீட்டில் நீங்கள் வைத்துவிட்டு வந்த கறிக்குழம்பை அவர் வாசலில் கொட்டியிருந்தார். அந்த லீவு முழுக்க உங்களோடு பேசவில்லை. ஊரில் உங்களைப் பேசாத பேச்சு இல்லை. நாட்டைக் காக்கிற பிள்ளையைப் பெற்றவளே காட்டிக்கொடுத்தாள் என்றார்கள். ஓசி ரம் குடித்த அத்தனை பேரும் சொன்னார்கள். உங்களைக் காப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சர்க்கரை முற்றி உங்கள் காலில் புண் வந்தபோது மகன் கார்டில் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தீர்கள். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். யார் என்று நர்ஸ் கேட்டால், "மருமவ" என்பீர்கள். அதற்குள் அவர் களமருதூரில் வேறு பெண்ணைக் கட்டி, அவளையும் உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். "இவளயும் வுட்டுட்டுப் போயிட்டான்டி. அடுத்த போஸ்டிங்காம்" என்று வரிசையில் நின்றபடி நீங்கள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் போனீர்கள். தாய் செத்தால் பட்டாளத்தில் உடனே லீவு கிடைக்கிறது, அத்தை. வந்துவிட்டார். பெண்கள் வரிசையாக உங்கள் தலைக்கு எண்ணெய், சீயக்காய் வைத்தார்கள். என் முறை வந்தபோது உங்கள் ஓரகத்தி கையை நீட்டித் தடுத்தார். "ரத்து வாங்கினவ தொடக் கூடாது" என்றார். மகன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"ரத்து ஆனது அவருக்கும் எனக்கும்தாங்க. அத்தைய நான் எங்க ரத்து பண்ணேன்?" என்று கேட்டேன். அந்தக் களமருதூர்ப் பெண்தான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள். எனக்கு நன்றி வரவில்லை. என் இடத்தில் நின்றுகொண்டு எனக்கே இடம் கொடுக்கிறாளே என்று எரிச்சல்தான் வந்தது.

அவள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, எனக்கும் நோட்டீஸ் வந்துக்கிது" என்றாள். வாசித்துக் காட்டினாள். பலமுறை அழைத்தும் வர மறுத்து, தன்னிச்சையாகக் கைவிட்டுச் சென்றுவிட்டாராம். ஒரு சொல் மாறவில்லை. பேரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அறுத்துப்போடப் புதிதாக ஒரு வரி யோசிக்கக்கூட அவருக்குச் சோம்பல். "உங்களயும் கூட்டிக்கினு போவலன்னு கோர்ட்ல வந்து சொல்வீங்களாக்கா?" என்று கேட்டாள்.

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வேண்டாத வேலை என்றார் அண்ணன். கூண்டில் ஏறினால் ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லி அவர் மறுபடி கோர்ட்டுக்கு இழுப்பார் என்றார். இழுப்பார்தான். அந்தப் பெண் யார் எனக்கு? தெரிந்தே அந்த வீட்டுக்கு வந்தவள்தானே? இன்று கடையில் புடவை மடித்துக்கொண்டே இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல உங்கள் முகம்தான் வந்து நின்றது. எதையும் மன்னிக்காத, யாரையும் கொஞ்சாத, முறைக்கிற முகம். நீங்கள் எனக்கு விட்டுப் போனது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எனக்கு அன்று நீங்கள் இருந்தீர்கள். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு மனுஷி இல்லை.

மாலை பஸ் ஏறும் முன் அவளைக் கூப்பிட்டு வாய்தா என்றைக்கு என்று கேட்டுக்கொண்டேன். போகிறேன், அத்தை. உங்கள் மகனும் இந்த முறை வருவாராம்.

வரட்டும்.